ஆலைச் சாப்ட்டுக்கு எந்த மேற்பரப்பு வேலை? உருக்கின் களைப்பு வலிமையைக் கூட்டும் வழிகள் பற்றிய ஓர் ஒப்பீடு

கடந்த காலபோக அறுவடைக்குப் பிறகு, அரிசி ஆலைகளுக்கு ஓய்வே கிடைக்காத பங்குனி மாதத்தில், கிளிநொச்சிக்குக் கிழக்கே ஆலை நடத்தும் ஒருவர் இரண்டாக முறிந்த சாப்ட் (கப்பியைத் தாங்கிச் சுழலும் உருக்குத் தண்டு) ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எங்கள் லேத் பட்டறைக்கு வந்தார். அந்த ஆலையில் இரண்டு வருடத்துக்குள் அது மூன்றாவது முறிவு. "அண்ணை, இந்தமுறை இன்னும் வன்மையான இரும்பிலே கடைஞ்சு தாங்கோ, விலையைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்றார். அவர் கேட்டபடியே செய்து கொடுப்பது எங்களுக்கு எளிது. ஆனால் நான்காவது சாப்ட்டும் அதே இடத்தில் முறிந்திருக்கும் என்பதை முறிந்த முகமே காட்டிக்கொண்டிருந்தது.

அந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தோம். பெரும்பகுதி வழவழப்பாக, மெல்லிய வளைகோடுகளுடன் இருந்தது; இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இறங்க இறங்க அணைக்கட்டுக் கற்களில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதியும் நீர்க்கோடுகளைப் போன்றவை அவை. ஓட்டமும் சுமையும் மாறிமாறி வர, வெடிப்பு நின்று நின்று முன்னேறியதன் தடங்கள்தான் அந்தக் கோடுகள். ஓரத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் உடைத்த பனங்கட்டியைப் போலக் கரடுமுரடாக இருந்தது; கடைசி நொடியில் ஒரேயடியாக முறிந்த பகுதி அது. வளைகோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால், அவை எல்லாம் பெயரிங் வந்து முட்டும் தோளின் (விட்டம் மாறும் படியின்) மூலையில், மூன்று இடங்களில் போய்ச் சேர்ந்தன. கடைசியில் முறிந்த பகுதி சிறியதாக இருப்பது ஒரு முக்கியமான சாட்சி. சாப்ட் மெலிந்துபோகும் வரையிலும் சுமையைத் தாங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். ஆகவே தடிப்புப் போதாமல் இது முறியவில்லை. ஒரு மூலையில் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) குவிந்து, அங்கே தொடங்கிய வெடிப்பு உள்ளே சென்றதால்தான் முறிந்தது.

உலோகக் களைப்பு என்று சொல்லப்படுவது இதைத்தான். பெல்ட் ஒரு பக்கமாக இழுக்கும் சாப்ட்டின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை நெருக்குப்படுகிறது. நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் சாப்ட் ஒரு மணித்தியாலத்தில் 48,000 தடவையும், எட்டு மணித்தியால வேலைநாளில் 384,000 தடவையும் இப்படி மாறுகிறது. 26 நாளில் ஒரு கோடி தடவை ஆகிவிடும். ஜெர்மன் ரயில்வே பொறியியலாளர் அவுகுஸ்ட் வோலர், ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, ஒரு குறிப்பிட்ட தகைப்புக்குக் கீழே உருக்கு எத்தனை தடவை மாறினாலும் முறிவதில்லை என்று காட்டினார். நன்றாக மினுக்கிய சாதாரண உருக்கில் அந்த எல்லை அதன் இழுவை வலிமையில் (ஒரேயடியாக இழுத்து அறுக்கத் தேவையான தகைப்பில்) ஏறத்தாழப் பாதி. ஆனால் 'நன்றாக மினுக்கிய' என்ற நிபந்தனை பெரியது. 600 மெகாபஸ்கால் (தகைப்பை அளக்கும் அலகு) இழுவை வலிமையுள்ள உருக்கின் களைப்பு எல்லை, மினுக்கிய நிலையில் சுமார் 300 ஆக இருக்கும். லேத்தில் கடைந்தபடியே விட்டால் 250 அளவுக்கும், உருட்டாலையிலிருந்து வந்த கறுப்புத் தோலோடு விட்டால் 175 அளவுக்கும், உலையில் காய்ச்சி அடித்து உருவாக்கிய மேற்பரப்போடு விட்டால் 140 அளவுக்கும் இறங்கும். உலோகம் ஒன்றேதான், மாறியது அதன் தோல் மட்டும்.

ஆகவே மேற்பரப்பு வேலைகளை ஒப்பிடும்போது நான் 'எது அதிக வன்மை தரும்' என்று கேட்பதில்லை. வெடிப்பு தொடங்கும் சரியான இடத்தில், மேற்பரப்பை நிரந்தரமாக நெருக்கிய நிலையில் வைத்திருக்கக்கூடியது எது என்பதே என் கேள்வி. நெருக்குண்டிருக்கும் தோலில் வெடிப்பின் வாய் திறக்காது. திறக்காத வெடிப்பு வளராது. வன்மை தேய்மானத்தைக் குறைக்கும். அது வேறு பயன். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் எங்கள் பகுதியில் பல சாப்ட்டுகள் வீணாகின்றன.

எல்லா வழிகளுக்கும் முந்தியது செலவே இல்லாத ஒரு வழி. நாங்கள் பார்த்த சாப்ட்டில் 50 மில்லிமீற்றர் விட்டம் 45 ஆகக் குறையும் மூலையில், டூல் முனையின் கூர்மை அப்படியே பதிந்து, அரை மில்லிமீற்றர் ரேடியஸ்தான் (மூலை வளைவின் ஆரை) இருந்தது. அத்தகைய மூலையில் வளைவுத் தகைப்பு ஏறத்தாழ 2.8 மடங்காகக் குவியும். அதே மூலைக்கு 2 மில்லிமீற்றர் ரேடியஸ் கொடுத்தால் ஏறத்தாழ 2 மடங்காக இறங்கும். ஆனால் 45 மில்லிமீற்றர் துளையுள்ள வழக்கமான பெயரிங்கின் உள்வளைய விளிம்பு ஒரு மில்லிமீற்றர் அளவான வளைவுக்கே இடம் தரும். ரேடியஸை அதற்குமேல் பெரிதாக்கினால் பெயரிங் தோளில் முட்டாமல் வளைவின்மேல் ஏறி நிற்கும். அதனால்தான் கடைபவர்கள் மூலையைக் கூர்மையாக விட்டுவிடுகிறார்கள். விடை எளியது: தோளுக்கும் பெயரிங்குக்கும் இடையே, உள்விளிம்பு சரித்து வெட்டிய ஒரு வளையத்தைப் போடவேண்டும். வளையம் கடைய அரை மணித்தியாலம் போதும். இதைச் செய்யாமல் எந்த விலையுயர்ந்த மேற்பரப்பு வேலைக்கும் சாப்ட்டை அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதற்கு அடுத்ததாக, எங்கள் பட்டறையிலேயே செய்யக்கூடியதும் நான் அதிகம் நம்புவதும், மூலையை உருட்டி அழுத்தும் முறை. நன்றாக வன்மையேற்றிய சிறு உருளையையோ பெயரிங் குண்டு ஒன்றையோ உறுதியான பிடியில் பொருத்தி, சாப்ட் மெதுவாகச் சுழலும்போது எண்ணெய் விட்டு மூலை வளைவில் அழுத்தி உருட்டவேண்டும். டூல் ஓடிய வரிகள் முதலில் மறையும். பிறகு உலோகத் தோல் சிறிதளவு பக்கவாட்டில் பிதுங்க முயலும். அடியில் உள்ள உலோகம் அதற்கு இடம் கொடாததால் தோல் நெருக்குண்ட நிலையிலேயே தங்கிவிடும். எஞ்சின் கிராங்குகளின் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுகளின்) மூலைகளைத் தொழிற்சாலைகள் இவ்வாறே உருட்டுகின்றன. ரயில் அச்சுகளில் சில்லு இறுகும் இடத்தையும் உருட்டும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வந்துவிட்டது. மூலையும் வெட்டுமுள்ள பாகங்களில் இது தரும் பயன் மற்ற முறைகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல, பல வேளைகளில் கூடியது. நெருக்குண்ட படை ஒரு மில்லிமீற்றரையும் தாண்டிச் செல்லக்கூடும் என்பதே காரணம்.

இதற்கு உலை வேண்டாம், தோய்ச்சல் (காய்ச்சிய உருக்கைச் சட்டெனக் குளிர்வித்து வன்மையேற்றுவது) வேண்டாம், சாப்ட் வெப்பத்தால் வளையவும் மாட்டாது. ஆனால் கவனிக்கவேண்டியவை உண்டு. உருளையின் முனை வளைவு சாப்ட்டின் ரேடியஸை விடச் சிறிது குறைவாக இருக்கவேண்டும்; கூடினால் மூலையின் அடி தொடப்படாமல் இரண்டு ஓரங்கள் மட்டும் அழுந்தும். ஒரு பக்கத்திலிருந்து அழுத்துவதால் நீண்டு மெலிந்த சாப்ட் வளைந்துகொடுக்கும். அதற்கு மறுபக்கத் தாங்கல் வைக்கவேண்டும், அல்லது மூன்று உருளைப் பிடி செய்யவேண்டும். உருட்டிய பிறகு அந்த மூலையில் அரத்தாளைக்கூட வைக்கக்கூடாது, வளைவெடுப்பதற்காகச் சாப்ட்டை அடித்து நிமிர்த்தவும் கூடாது. அழுத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் தோல் செதில்செதிலாகப் பெயரும். நாங்கள் முதலில் ஒரு கழிவுத் துண்டில் உருட்டி, மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும் அழுத்தத்தைக் கண்டபின்தான் உண்மையான சாப்ட்டில் கைவைக்கிறோம்.

தூண்டல் முறையில் வன்மையேற்றுவது இதைவிட வலுவான தெரிவு. அதேவேளை தவறாகச் செய்தால் இதைவிட அதிகமாகக் கெடுப்பதும் அதுவே. உயர் மீடிறன் மின்னோட்டம் பாயும் செப்புச் சுருளுக்குள் சாப்ட்டைப் பிடிக்கும்போது அதன் தோல் மட்டும் சில நொடிகளில் செந்நிறமாகி, உடனே தண்ணீர் அல்லது பொலிமர்க் கரைசல் பீச்சப்பட்டு ஒன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் ஆழம்வரை வன்மை அடைகிறது. வன்மையான படை பருமனில் சற்றுக் கூடுகிறது. உள்ளிருக்கும் உலோகம் கூடுவதில்லை. ஆகவே தோல் நெருக்குண்டு நிற்கிறது. பெயரிங் இடத்தின் தேய்மானமும் இதனால் குறையும். உழவு இயந்திரத்தின் பின்பக்க அச்சு போன்ற முறுக்குச் சுமை தாங்கும் பாகங்களுக்கு இதற்கு நிகரில்லை.

ஆனால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் சாப்ட்டை அனுப்பக்கூடாது. முதலாவது, அது எந்த உருக்கு? காபன் 0.35 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் தோய்ச்சல் பிடிக்கும். இஎன்8 என்று கடைகளில் கேட்டு வாங்கும் உருக்கில் 0.4 சதவீதம் அளவு இருக்கும், சாதாரண மென்னுருக்கில் அது பாதிதான். சந்தேகமிருந்தால் கிரைண்டரில் பிடித்துப் பாருங்கள்: மென்னுருக்கின் பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடும், நடுத்தரக் காபன் உருக்கின் பொறிகள் நுனியில் கிளைத்து வெடிக்கும். இரண்டாவது, வன்மையேறிய பகுதி எங்கே முடிகிறது? அந்த எல்லைக்கோட்டில் தோல் நெருக்குண்டிருப்பதில்லை, மாறாக இழுபட்டிருக்கும். எல்லை மூலையிலோ கீ வெட்டிலோ (கப்பியைப் பூட்டும் கட்டைக்கான பள்ளத்திலோ) வந்து விழுந்தால், ஒன்றும் செய்யாமல் விட்ட சாப்ட்டை விட அது முன்னதாக முறியும். வன்மைப் படை மூலையைத் தழுவிச் சென்று தகைப்பு குறைந்த இடத்தில் முடிய வேண்டும். அதற்கு அந்தச் சாப்ட்டின் வடிவத்துக்கேற்ற சுருள் வேண்டும். எங்களுக்கு இந்த வேலைக்காகச் சாப்ட்டுகளை 300 கிலோமீற்றருக்கு மேல் கொழும்புவரை அனுப்பவேண்டியிருக்கிறது. ஒரேயொரு ஆலைச் சாப்ட்டுக்காக அங்கே யாரும் புதிய சுருள் செய்யப்போவதில்லை. ஒரே அளவில் பத்து, இருபது பாகங்கள் சேரும்போதுதான் இது கட்டுப்படியாகும். ஒட்சி-அசற்றலீன் தீச்சுவாலையால் தோலைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றுவதை இதற்குப் பதிலாகச் சிலர் செய்கிறார்கள். ஆழமும் வெப்பமும் கையின் போக்கில் மாறுகிற அந்த வேலையைச் சுழலும் சாப்ட்டின் மூலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காபன் ஏற்றுவதையும் நைதரசன் ஏற்றுவதையும் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவை பெரும்பாலும் புதிய பாகங்களைத் தொகையாகச் செய்யும் தொழிற்சாலைகளுக்கு உரியவை. காபன் குறைந்த உருக்கை 900 முதல் 950 பாகை செல்சியஸில் காபன் நிறைந்த சூழலில் வைத்துத் தோய்ச்சல் கொடுப்பது முதலாவது. கியர்ப் பற்களுக்கு இதுவே சிறந்தது. 925 பாகையில் நான்கு மணித்தியாலம் வைத்தால் ஒன்றேகால் மில்லிமீற்றர் ஆழம் கிடைக்கும். ஆழத்தை இரட்டிக்க நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். தோய்ச்சலில் நீண்ட சாப்ட் வளையும், வளைந்ததைப் பிறகு அரைத்துச் சரிசெய்யவேண்டும். அரைக்கும்போது சூடேறினால் தோல் இழுபட்ட நிலைக்கு மாறி, பட்ட பாடெல்லாம் வீணாகும். நைதரசன் ஏற்றுவது 500 முதல் 550 பாகையில், அமோனியாச் சூழலில், பல பத்து மணித்தியாலம் எடுக்கும் வேலை. தோய்ச்சல் இல்லாததால் வளைவு மிகக் குறைவு. ஆனால் குரோமியம், மொலிப்டினம் போன்றவை கலந்த உருக்குகளிலேயே அது முழுப்பயன் தரும். உப்புக் குளியலில் சுமார் 580 பாகையில் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடியும் ஒரு வகை சாதாரண உருக்குக்கும் பொருந்தும், துருவையும் ஓரளவு தடுக்கும்.

எஞ்சின் வேலை செய்பவர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நைதரசன் ஏற்றிய கிராங்கைத் தேய்மானம் போக்க அண்டர் சைஸுக்கு (முந்தியதை விடச் சிறிய அளவுக்கு) அரைக்கும்போது அந்த மெல்லிய படை பெரும்பாலும் போய்விடுகிறது. உருட்டிய மூலையுள்ள கிராங்கில் அரைசில்லு மூலையைத் தொட்டால் நெருக்குண்ட தோலும் அதோடு போகிறது. அரைத்துப் போட்ட கிராங் சில மாதத்தில் மூலையில் முறிந்ததென்றால், உதிரிப்பாகத்தின் தரத்தைச் சந்தேகிக்குமுன் அரைத்த விதத்தைப் பார்ப்பது நல்லது.

ஷொட் பீனிங் எனப்படும் உருக்குக் குண்டுமணி வீச்சு வேறொரு வகைப் பாகத்துக்கு உரியது. சின்னஞ்சிறு உருண்டைகளை வேகமாக வீசி, மேற்பரப்பு முழுவதையும் எண்ணற்ற சிறு சுத்தியல்களால் தட்டியதுபோலச் செய்வதால், அரை மில்லிமீற்றருக்கு உட்பட்ட ஒரு நெருக்குண்ட படை உண்டாகிறது. வீச்சின் வலு சரியா என்பதை, ஒரு பக்கம் மட்டும் வீச்சுக்கு உள்ளான மெல்லிய உருக்குத் தகடு எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு அளக்கிறார்கள். அமெரிக்கக் கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த ஜோன் அல்மன் வகுத்த முறை அது. லொறிகளின் தகட்டு வில்லுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. சுமை ஏறும்போது வில் நிமிர முயல்வதால் அதன் குழிந்த மேற்பக்கம் இழுபடுகிறது. தொழிற்சாலையில் அந்தப் பக்கத்துக்குத்தான் வீச்சு கொடுக்கிறார்கள். மணல் ஏற்றி உள்வீதிகளின் கிடங்குகளில் ஓடும் டிப்பர்களில் தகடு தொய்ந்துவிட்டால், அதை உலையில் சூடாக்கி மறுபடி வளைத்துப் போடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்தச் சூட்டில் நெருக்குண்ட தோலும் தோய்ச்சலும் ஒருங்கே போகின்றன, மேற்பரப்பின் காபனும் எரிந்து குறைகிறது. வளைவு பழையபடி வந்தாலும் உயிர் பழையபடி வராது. புதிய தகடு வாங்குவதே மலிவு என்பது என் உறுதியான கருத்து.

குண்டுமணி வீச்சையும் பெயின்ற் அடிக்குமுன் செய்யும் மணல் வீச்சையும் ஒன்றென எண்ணிவிடக்கூடாது. கூரிய மணல் தோலைக் கீறும். கீறல் ஒவ்வொன்றும் வெடிப்புக்கு ஒரு வாசல்.

இனி, நான் வேண்டாம் என்று சொல்லும் இரண்டு தெரிவுகள். தேய்ந்த பெயரிங் இடத்தில் வெல்டிங் ஒட்டு வைத்து நிரப்பி மறுபடி கடைவது எங்கும் நடக்கிறது. நாங்களும் பல வருடம் செய்தோம். ஒட்டு ஆறும்போது சுருங்க முயன்று தோலை இழுபட்ட நிலையில் விடுகிறது. அதாவது எங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ஒட்டின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுகளும் நடுத்தரக் காபன் உருக்கில் நொறுங்கும் தன்மையுள்ள படையும் உண்டாகின்றன. எங்களிடம் வந்த ஆலைக்காரரின் இரண்டாவது சாப்ட் இப்படி ஒட்டு வைத்தது. முதலாவதை விட விரைவாக முறிந்தது. அவசரத்துக்கு ஒருவார ஓட்டம் வேண்டுமென்றால் செய்யலாம், அதையும் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே செய்யவேண்டும். மற்றது வன்குரோமியப் பூச்சு. பார்க்க அழகானது, தேய்மானத்துக்கு மிக நல்லது. ஆனால் பூச்சில் இழுவைத் தகைப்பும் நுண்வெடிப்புகளும் இயல்பாகவே இருப்பதால் களைப்பு வலிமை குறைகிறது. பூச்சுத் தொட்டியில் ஐதரசனும் உலோகத்துக்குள் புகுந்துவிடும், வலிமை கூடிய உருக்கில் அதை வெளியேற்றச் சுமார் 190 பாகையில் பல மணித்தியாலம் சூடாக்கவேண்டும். குரோமியம் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்குமுன் உருட்டலோ குண்டுமணி வீச்சோ செய்திருக்கவேண்டும்.

ஈரத்தில் ஓடும் பாகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேற்றில் உழும் ரோட்டவேற்றரிலும், முல்லைத்தீவுக் கரையோரத்து நீர்ப்பம்பிகளிலும் துருவும் களைப்பும் சேர்ந்து வேலை செய்யும்போது, வோலர் கண்ட பாதுகாப்பான எல்லை என்ற ஒன்றே இல்லாமற் போகிறது. துருக்குழி நெருக்குண்ட படையைத் துளைத்துவிட்டால் அந்தப் படையால் பயனில்லை. அங்கே கிறீஸும் பெயின்றும் நீர்த்தடுப்பு சீலும் மேற்சொன்ன வேலைகளுக்கு இணையாகக் கணக்கில் வரவேண்டும்.

ஆலைக்காரருக்கு நாங்கள் இறுதியில் செய்துகொடுத்தது இது. உருக்கு, முன்பு போட்ட அதே இஎன்8. வன்மை கூடிய உருக்கு எடுத்திருந்தால் அதே கூர்மூலை அதை இன்னும் அதிகமாகப் பாதித்திருக்கும், ஏனென்றால் வலிமை ஏற ஏற உருக்கு வெட்டுக்கும் கீறலுக்கும் கூடுதலாக அஞ்சும். தடிப்பும் முன்பு போலத்தான். தோளுக்கு 2 மில்லிமீற்றர் ரேடியஸ், சரித்த வளையம், உருட்டிய மூலை. கப்பிக்கான கீ வெட்டை மூலையிலிருந்து விலக்கி, முனை செங்குத்தாக நிற்காமல் மெல்ல ஏறி முடியும்படி வட்டக் கத்தியால் வெட்டினோம். தூண்டல் வன்மையேற்றத்தை விட்டுவிட்டோம். பெயரிங் உள்வளையம் சாப்ட்டில் இறுகி அதனோடு சேர்ந்தே சுழல்வதால் அங்கே தேய்மானம் பெரிய கவலையல்ல.

கொண்டுபோகும்போது அவரிடம் இன்னொன்றும் சொன்னோம். போகம் முடிந்து ஆலை ஓயும் நாட்களில் கப்பியையும் பெயரிங்கையும் கழற்றி, மூலையில் மண்ணெண்ணெய் பூசி ஒரு இரவு விட்டு, காலையில் நன்றாகத் துடைத்துச் சுண்ணக்கட்டித் தூள் தடவவேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே ஊறிய எண்ணெய் சிறிது நேரத்தில் தூளில் ஒரு கருங்கோடாகக் கசியும். சிறுபோகத்துக்குப் பிறகு அவர் அதைச் செய்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். தூள் வெள்ளையாகவே இருந்ததாம்.